பதினேழாவது கட்டம்

தாழங்குடா. பெண்ணையாறு கடலைத் தொடும் முனைக்கு
இந்தப் பக்கம் முக்கால் கிலோமீட்டர்.
நீளம் நாலு மீட்டர் அறுபது. பெண். பல் தேயவில்லை.
எல்லாம் எழுதியாயிற்று,
பதினேழாவது கட்டம் மட்டும் காலி:
இறப்பின் காரணம்.

கட்டம் என் கட்டைவிரல் நகத்தளவு.
அச்சடித்தவர்
மாடுகளை மனத்தில் வைத்து அச்சடித்திருப்பார்.

கரையில் எல்லோரிடமும் காரணம் இருந்தது.
வனத்துறை தனவேலுவிடம், முதுமை.
கேமராவோடு வந்த பையனிடம், பிளாஸ்டிக்.
ஒன்பது ராத்திரி தூரத்தில் ஒரு கப்பல்
கடலடியை இடித்து இடித்துப் பார்த்தது என்றார் குப்புராஜ்:
"வலை போட்டவன் நெஞ்சுலயே வந்து வுழுந்துச்சு மேடம், டொம்முனு."
ஜேசிபி இருசப்பனுக்குக் காரணம் தேவைப்படவில்லை.
குழி தோண்டி முடித்து
பீடியோடு என் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கொழுப்பு மூன்று விரல் தடிமன். பட்டினி இல்லை.
மூச்சுக்குழலில் மணல்,
ஆக, உயிரோடு வந்து படுத்திருக்கிறது.
வயிற்றில் கணவாய் அலகுகள், கிளிமூக்குபோல,
நூற்றுப் பன்னிரண்டு. எண்ணினேன்.
நடுவில் ஒரே ஒரு பால் பாக்கெட்டின் மூலை.

"இதானே மேடம்? இதானே?"

இன்று காலை எங்கள் வீட்டுப் பாலையும்
இப்படித்தான் கத்தரித்தேன்.
மூலை எங்கே விழுந்ததென்று பார்க்கவில்லை.
ஆனாலும் இது இல்லை, தம்பி.
இந்த மூலை ஒரு பூனையைக்கூடக் கொல்லாது.
அவன் அதற்குள் படம் எடுத்துவிட்டான்.

நான் வந்தது காதுக்காக.
வெளியே ஊசி நுழையும் துளை,
மற்றதெல்லாம் தாடைக்குப் பின்னால், கொழுப்புக்குள்.
என் கத்தி மழுங்கி இரண்டு மணி நேரம் ஆகிறது.
அஞ்சலாட்சி சுறா அரியும் கத்தியைக் கொடுத்தாள்.
கொடுத்துவிட்டுப் போகவில்லை.
எதிரே குந்தி, சதையை விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முந்தாநாளு ராவுல கழுத்தளவு தண்ணில நின்னோம்.
பதினோரு உருப்படி. திருப்பித் திருப்பித் தள்ளுனோம்.
போவும். கொஞ்ச தூரம் போவும்.
அப்புறம் ஒண்ணு திரும்பும், எல்லாம் திரும்பும்,
இது கெடந்த எடத்துக்கே வந்து நிக்கும்.
ஒரே பேச்சு. கீச்சு கீச்சுனு.
இதும் பதிலுக்குப் பேசிச்சு.
அப்புறம் இது பேசல.
அப்புறந்தான் அதுங்க போச்சு."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.
"மணி யாரு பாத்தா. மொத பஸ்சு ஆரன் கேட்டுச்சு."

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், நிணம் பட்ட விரலால் எழுதினேன்:
பேச்சு நின்றது, சுமார் 4.40.

காதெலும்பு வந்தது.
சங்கின் கனம்,
பத்து மடங்கு பெருத்த பண்ருட்டி முந்திரியின் வளைவு.
உள்ளே கருத்த ரத்தம்.
சத்தம் கிழித்ததா,
முப்பத்தாறு மணி நேர வெயில் அழுகவைத்ததா?
இரண்டுக்கும் ஒரே நிறம்.

இருசப்பன் வாளியை இறக்கினார்.
மண் விழுந்த சத்தம் எதிர்பார்த்ததைவிடச் சின்னது.

கடலூரிலிருந்து பஸ்.
ஃபார்மலினில் ஊறும் துண்டுகள் பையில்,
காதெலும்பு என் மதியச் சாப்பாட்டு டப்பாவில், மடிமேல்.
எத்தனை சோப்புப் போட்டும் போகாத வாடை.
மூன்று பேர் இருக்கை முழுவதும் எனக்கே.
கண்டக்டர் மூக்கைப் பொத்தினார். "லக்கேஜ் என்னங்க?"
"காது."
"எது?"
"ஒரு காது."
அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று
யோசிப்பவர்போல் நின்று, நகர்ந்தார்.

நாளை ஆய்வகம். நுண்ணோக்கி.
மூன்று வாரம் கழித்து ஒரு தாள் வரும்,
'உறுதியாகச் சொல்ல இயலாது' என்ற வாக்கியத்தோடு.
எனக்கு அந்த வாக்கியம் பழக்கம்,
பலமுறை நானே எழுதியிருக்கிறேன்.

முள்ளோடையில் யாரோ இறங்கினார்கள்.
கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.
நான் இரண்டு கையாலும்
டப்பாவின் மூடியைப் பொத்திக்கொண்டேன்.